மூணு நாள் நின்றால் செல்ஃப் எடுக்காத பழைய கார்: கரண்ட் எங்கே போகிறது?

கேள்வி இது: "அண்ணாச்சி, அப்பா ஓட்டிய 2001 மாருதி 800 இப்போது என்னிடம் இருக்கிறது. வீடு அம்பாசமுத்திரத்தில். வாரம் ஒரு தடவைதான் வண்டியை எடுப்பேன். மூன்று நாள் நிறுத்திவிட்டால் செல்ஃப் சுற்றாது. 14 மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. ஒருவர் ஆல்டர்நேட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் மொத்த ஒயரிங்கையும் மாற்றச் சொல்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நின்றபோது வண்டிக்குள் தரைவிரிப்பு நனையத் தண்ணீர் ஏறியது. ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக் இரண்டும் பிறகு போட்டவை. எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, மூன்றாவது பேட்டரி வாங்காதீர்கள். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரையும் இப்போது கழற்ற வேண்டாம். பாளையங்கோட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் பல வருஷம் நின்றவன் நான். இப்படி வந்த பழைய வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரி நல்லதாகவே இருக்கும். கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் எங்கோ ஒரு சின்னக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அது எத்தனை ஆம்பியர் என்று ஒரு தடவை அளந்துவிட்டால், யார் தின்கிறார்கள் என்பது அந்த எண்ணிலிருந்தே பாதி தெரிந்துவிடும். அளக்காமல் பொருளை மாற்றிக்கொண்டே போனதால்தான் இரண்டு பேட்டரிக் காசு போயிருக்கிறது.

மீட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடலாம். உங்கள் வண்டிக்குப் போடுவது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதாவது மணிக்கு ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும். அதில் பாதி இறங்கினாலே செல்ஃப் திணறும். பாதி என்றால் சுமார் 17. மூன்று நாள் என்பது 72 மணி நேரம். 17-ஐ 72-ஆல் வகுத்தால் கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வாரம் ஒரு தடவை கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டியில் பேட்டரி ஒருநாளும் முழுசாக ஏறியிருக்காது. அதனால் உண்மையான கசிவு 0.15 ஆம்பியராகக்கூட இருக்கலாம். பிரேக் லைட் அணையாமல் நின்றால் 21 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 3.5 ஆம்பியர் எடுக்கும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் எடுக்காது. ஸ்டீரியோவின் கடிகாரமும் நினைவும் மட்டும் என்றால் 10, 20 மில்லிஆம்பியர்தான், அதாவது 0.01, 0.02 ஆம்பியர்; நல்ல பேட்டரி ஒரு மாதம்கூடத் தாங்கும். உங்களுடையது இந்த இரண்டுக்கும் நடுவில், 0.15-இலிருந்து 0.25 வரை எதையோ தின்கிற ஒன்று. மொத்த ஒயரிங்கையும் மாற்றச் சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் கசிவைத் தேடுவதற்கு முன்னால், இது கசிவுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்காமல் போனாலும், ஓடும்போது ஆல்டர்நேட்டர் ஏற்றாமல் விட்டாலும் கடைசியில் தெரிவது ஒன்றுதான்: செல்ஃப் எடுக்காது. பேட்டரியைக் கழற்றி, வெளிச் சார்ஜரில் 3 ஆம்பியர் அளவில் ராத்திரி முழுக்க ஏற்றுங்கள். வண்டியில் மாட்டாமல் அப்படியே ஒரு நாள் வையுங்கள். மறுநாள் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஒரு நாளில், அதுவும் எதிலும் மாட்டாமல், அந்த அளவுக்கு இறங்கினால் அந்தப் பேட்டரி கெட்டுவிட்டது. ஆனால் அது கெட்டது பழைய கசிவால்கூட இருக்கலாம். லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கிப் போட்டால் தகட்டில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. அடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8-இலிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட் போட்டாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. இது சரியாக இருந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் தருகிறது. ஆனால் வண்டி நிற்கும்போது அதே ஆல்டர்நேட்டர் வழியாகக் கரண்ட் கசியலாம், அது தனி விஷயம், பிறகு வருகிறேன்.

பேட்டரியின் மேல்பக்கத்தையும் பாருங்கள். ஆசிட் ஈரத்தில் தூசி படிந்து கறுப்பாக இருந்தால் அதன் வழியாகவே கரண்ட் நடக்கும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவில் வைத்து, இன்னொன்றைப் பிளாஸ்டிக் மூடியின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். வோல்ட் காட்டினால் அழுக்கு கரண்ட் கடத்துகிறது. ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துத் துணியால் துடையுங்கள், மூடித் துளைக்குள் அது இறங்கக் கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் அளவும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊரில் அது சீக்கிரம் குறையும்.

சரி, இனி அளவு. சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வீட்டு எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டரில் பல ஏசி கரண்ட்டை மட்டும்தான் காட்டும், இதற்கு உதவாது. முதலில் மீட்டரையும் மாட்ட வேண்டாம். ஒரு 5 வாட் பல்பில் இரண்டு ஒயர் வைத்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றி, பேட்டரி முனைக்கும் கழற்றிய டெர்மினலுக்கும் நடுவில் அந்தப் பல்பை வையுங்கள். நான் தொழில் கற்ற காலத்தில் எங்கள் அண்ணாச்சி கையில் எப்போதும் இருந்தது இந்தப் பல்புதான், இன்றைக்கும் இதை நான் விடவில்லை. வண்டியில் நேரடி ஷார்ட் இருந்தால்கூட இந்தப் பல்பு 0.4 ஆம்பியருக்கு மேல் போகவிடாது, அதனால் மீட்டரும் பிழைக்கும், ஒயரும் பிழைக்கும். பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு. மங்கலாகச் சிவந்தால் உங்களுடைய மாதிரி நடுத்தரம். எரியவே இல்லையென்றால் கசிவு சிறியது, அல்லது அந்த நேரத்தில் கசியவில்லை.

பல்பு பளிச்சென்று எரியவில்லை என்றால் அதன் இடத்தில் மீட்டர். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளைக்கு மாற்றி, டிசி ஆம்பியரில் வையுங்கள். மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே இருக்காது. ஆகவே மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஹெட்லைட் போடவோ கூடாது. வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரைத் திரும்ப வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டு அடுத்த தடவை வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியின் இரண்டு முனையையும் நேராக இணைத்தது போல ஆகிவிடும். தீப்பொறியில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டே ஸ்பேனரை எடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்சுக்கு ரிலே என்று பெயர். சில ரிலே ஒட்டிக்கொண்டு நிற்கும். நெகட்டிவைக் கழற்றிய அந்த நொடியில் விட்டுவிடும். அப்புறம் மீட்டரை மாட்டினால் ஒரு கோளாறும் தெரியாது. அதனால் டெர்மினலைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, கிளிப் வைத்த ஒயர்களால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை டெர்மினலிலும் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு டெர்மினலைத் தளர்த்தி மேலே தூக்குங்கள். கரண்ட் ஒரு நொடிகூட அறுபடாமல் மீட்டர் வழியாகப் போகத் தொடங்கும். கதவுத் தூணில் இருக்கும் பட்டன் சுவிட்சை டேப்பால் அமுக்கி ஒட்டிவைத்தால், கதவு திறந்திருந்தாலும் உள்விளக்கு எரியாது. சென்ட்ரல் லாக்கைப் பூட்டிவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள்.

இப்போது திரையில் நிற்கும் எண். உங்கள் வண்டியில் 20, 25 மில்லிஆம்பியர் வரை நியாயமானது, 50 தாண்டினால் தேட வேண்டும். 0.12-இலிருந்து 0.18 ஆம்பியர் வரை ஆடாமல் நின்றால் ஒரு ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) உயிரோடு இருக்கிறது என்றுதான் என் மனம் முதலில் போகும், ஏனென்றால் சாதாரண கார் ரிலேயின் காயில் எடுப்பது அவ்வளவுதான். அப்படி நிற்கும் ரிலே கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். 0.4 என்றால் 5 வாட் பல்பு எங்கோ எரிகிறது. 0.8 என்றால் 10 வாட் உள்விளக்கு. நிற்காமல் ஏறி இறங்கி அலைகிற எண் என்றால் ஈரம், அல்லது உலோகத்தில் படிந்த பச்சைக் களிம்பு. சில விநாடிக்கு ஒரு தடவை துள்ளி அடங்கினால் அலாரம் அல்லது டிராக்கர் பெட்டி.

அடுத்து ஃபியூஸ். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எண் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். பிடுங்காமலும் பார்க்கலாம்: பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்னப் புள்ளியாக உலோகம் தெரியும், மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டையும் தொட்டால், கரண்ட் ஓடாத ஃபியூஸ் சுழி காட்டும், 10 ஆம்பியர் ஃபியூஸில் 0.2 ஆம்பியர் ஓடினால் ஒன்று, ஒன்றரை மில்லிவோல்ட் காட்டும். இதற்கு டெர்மினலையே கழற்ற வேண்டியதில்லை. எந்த ஃபியூஸில் என்று தெரிந்ததும் அந்த வரிசையில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

நான் ஸ்டீரியோவில் இருந்துதான் தொடங்குவேன். ஸ்டீரியோவுக்கு மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும். சாவி இல்லாமலே பாட்டு கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், பொருத்துகிறவர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுவார். பட்டனில் அணைத்தாலும் பெட்டி முழுசாகத் தூங்காது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் நீல ஒயரிலும் கரண்ட் நின்றால் அதுவும் சேர்ந்து தின்னும். சிவப்பைப் பிரித்து, சாவியோடு வரும் இடத்தில் கொடுத்தால் வேலை முடிந்தது.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் இறங்கவில்லையா? நிறைய பேர் இந்த இடத்தில்தான் கையை விரித்துவிடுவார்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் போகாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் ஒயர்கள் இருக்கின்றன. ஒன்று செல்ஃபுக்கு, ஒன்று ஆல்டர்நேட்டருக்கு, மீதி மனிதர்கள் பிறகு இழுத்தவை: ஃபாக் லேம்ப், பவர் ஹாரன், ஆம்ப்ளிஃபயர். ஆல்டர்நேட்டருக்குள் கரண்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடுகள் இருக்கும்; அவற்றில் ஒன்று பழுதானால், ஓடும்போது ஓரளவு சார்ஜ் தரும், நிற்கும்போது பேட்டரியைத் திருப்பிக் குடிக்கும். சோதிக்க, முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்நேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிட்டு, மறுபடி மீட்டர் மாட்டிப் பாருங்கள். எண் 20 மில்லிஆம்பியருக்கு இறங்கினால் உங்களிடம் ஆல்டர்நேட்டரைச் சொன்னவர் சொன்னது சரி. அப்போதும் முழுசையும் மாற்ற வேண்டியதில்லை, டயோடு தட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கிற கடைகள் உண்டு. சூடாக இருக்கும்போதுதான் டயோடு அதிகம் கசியும், ஆகவே வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவந்து உடனே ஒரு தடவையும், ஆறிய பிறகு ஒரு தடவையும் அளப்பது நல்லது. அந்தக் காலத்து டைனமோ வைத்த அம்பாசிடரில் இதே வேலையைக் கட்-அவுட் என்ற சுவிட்ச் செய்யும்: அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் பேட்டரி டைனமோ வழியாக வடிந்துவிடும்.

மனிதர்கள் பிறகு இழுத்த ஒயர் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு வண்டியைச் சொல்கிறேன். இலஞ்சியில் ஒரு அரிசி ஆலைக்காரரின் பழைய கார். ஆனி, ஆடி இரண்டு மாதமும் காலையில் செல்ஃப் எடுக்காது. வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து எங்கள் கடைக்குக் கொண்டுவருவார். அளந்தால் 15 மில்லிஆம்பியர். ஒரு குறையும் இல்லை என்று அனுப்புவோம், மறுநாள் போன் வரும். மூன்று தடவை இப்படி நடந்தது. குற்றாலத்துப் பக்கம் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில் பாளையங்கோட்டையில் காய்ந்த காற்றும் வெயிலும்தான். இலஞ்சியில் நனைந்த வண்டி ஆலங்குளம் தாண்டும்போதே காய ஆரம்பித்து, எஞ்சின் சூட்டில் எங்களிடம் வருவதற்குள் முழுசாக உலர்ந்துவிடுகிறது. கோளாறு நடக்கும் ஊரை விட்டுவிட்டு, அது நடக்காத ஊரில் வைத்து நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். நாலாவது தடவை நான் மீட்டரோடு இலஞ்சிக்கே போய், விடிவதற்கு முன்னால் ஷெட்டில் வைத்து அளந்தேன். எண் 0.3-க்கும் 0.6-க்கும் நடுவில் அலைந்தது. முன் பம்பருக்குப் பின்னால், ஏதோ ஒரு அக்ஸஸரீஸ் கடையில் போட்ட ஃபாக் லேம்பின் ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக இழுத்து, ரிலேயின் வாய் மேலே பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள். சாரல் உள்ளே நின்று, பின்களுக்கு நடுவே பச்சைக் களிம்பு பாலம் போட்டிருந்தது. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, புது ரிலேயை வாய் கீழே பார்க்க மாட்டினேன். அதற்குப் பிறகு எந்தச் சாரலுக்கும் அந்த வண்டி நிற்கவில்லை. அன்றிலிருந்து வண்டிக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே, எந்த நேரத்தில், என்ன காற்றில் நின்றால் இறங்குகிறது?" என்பதைத்தான்.

உங்கள் வண்டிக்கும் அதனால்தான் வெள்ளத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளேயே வந்தது. ஆற்றுத் தண்ணீர் சேறும் சாக்கடையும் கலந்தது, அது வடிந்து வண்டி காய்ந்த பிறகும் கனெக்டர்களுக்குள் உப்பாகத் தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த உப்பு நனைந்து கரண்ட் கடத்தும். அப்படிக் கசிந்த வண்டிகளை ஒரு வருஷம் கழித்தும் பார்த்திருக்கிறேன். டிரைவர் சீட்டுக்கு அடியிலும் கதவு ஓரமாகவும் தரைவிரிப்பைத் தூக்கி, அதன் கீழே ஓடும் ஒயர்க் கட்டைப் பாருங்கள். சென்ட்ரல் லாக் பெட்டியைத் தரையோடு ஒட்டிக் கட்டியிருந்தால் அதுவும் நனைந்திருக்கும், முதலில் அதன் கனெக்டரைப் பிடுங்கி எண்ணைப் பாருங்கள். பச்சை தெரிகிற கனெக்டரைக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, கொஞ்சம் வாசலின் தடவி மூடுங்கள். உள்ளே ஒயரே கறுத்துப் பொடிந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் சேருங்கள். சேர்த்த இடத்தை ஈயம் வைத்துப் பற்றி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறும் டேப் வேண்டாம், நம் வெயிலில் பசை இளகி ஒரே வருஷத்தில் அவிழ்ந்துவிடும்.

வயலை ஒட்டி ஷெட் என்றால் இன்னொன்றும் உண்டு. பிசான நெல் அறுப்பு முடிந்ததும் எலி வயலை விட்டு வீட்டுப்பக்கம் வரும். பானெட்டுக்குள் நெல் உமி, கடித்த ஒயர் ஏதாவது தெரிகிறதா பாருங்கள்.

பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச், அது முட்டும் ரப்பர்த் துண்டு இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் கணக்குக்கு அது பொருந்தவில்லைதான், ஆனாலும் பழைய வண்டிகளில் அந்த ரப்பர் உதிர்ந்து பிரேக் லைட் நிரந்தரமாக எரிவது சாதாரணம். ராத்திரி வண்டிக்குப் பின்னால் போய் நின்றாலே தெரியும்.

கசிவை அடைத்த பிறகு பேட்டரியை மறுபடி வெளிச் சார்ஜரில் முழுசாக ஏற்றி மாட்டுங்கள். கடைத்தெரு ஓட்டத்தில் ஆல்டர்நேட்டர் அதை நிரப்பாது. நாலைந்து மணி நேரம் கழித்து வோல்ட் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தொடாமல் மூன்று நாள் விட்டு, நாலாம் நாள் காலையில், சாவி போடுவதற்கு முன்னால், மறுபடி பாருங்கள். 12.5-க்கு மேலே நின்றால் கசிவு நின்றது. 12.3, 12.2 என்று இறங்கியிருந்தால் இன்னொன்றும் தின்கிறது. அப்போது ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி வைத்து இன்னொரு மூன்று நாள் பாருங்கள், வண்டியை ஓட்டாமல்.